கணிப்பொறிச் சில்லு யாருக்குச் சொந்தம்?

(மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



கூலி உயர்வையும் மழைக்கால நிவாரணத்தையும் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் கணிப்பொறிச் சில்லைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்த விஷயத்தை நாங்களாகக் கொண்டு வரவில்லை. போன வாரம் அளத்துக் கரையில் உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தாயார் எங்களைக் கேட்டார்: “சிப்பு ஆலை வருது, சிப்பு ஆலை வருதுன்னு டி.வி.யில சொல்றாங்களே, அது எங்க புள்ளைங்களுக்கு வேல குடுக்குமா, இல்ல இருக்கற வேலயப் புடுங்குமா?”

அங்கேயே நாலு வார்த்தையில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அதன் பிறகு படித்தோம். விவரம் தெரிந்த தோழர்களிடம் கேட்டோம். அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

சில்லு என்பது என்ன?

அதன் மூலப்பொருள் மணல். வெண்மணலிலும் படிகக் கல்லிலும் இருக்கிற சிலிக்கனைப் பிரித்துச் சுத்தம் செய்து, உருக்கி, உருளையாக வளர்க்கிறார்கள். அதை அப்பளம் போல மெல்லிய தகடுகளாக அறுக்கிறார்கள். தகட்டின் மீது வெளிச்சத்தைப் பாய்ச்சி வரைபடத்தைப் பதித்து, திராவகத்தால் அரித்து, அடுக்கடுக்காக நுண்ணிய வாய்க்கால்களை உண்டாக்குகிறார்கள்.

உங்கள் அளத்தையே எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் இருக்கிறது, மடை இருக்கிறது, பாத்தி இருக்கிறது. மடையைத் திறந்தால் நீர் பாயும், அடைத்தால் நிற்கும். சில்லிலே ஓடுவது மின்சாரம். மடை திறந்திருந்தால் ஒன்று, அடைத்திருந்தால் பூஜ்யம். இந்த இரண்டை வைத்துக் கொண்டே கூட்டல் கழித்தல் முதல் ராக்கெட்டுக்கு வழி சொல்வது வரை எல்லாக் கணக்கையும் அது போடுகிறது.

1971-ல் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி வெளியிட்ட முதல் நுண்செயலிச் சில்லில் சுமார் 2,300 மடைகள் இருந்தன. 2022-ல் என்விடியா கம்பெனி வெளியிட்ட ஒரு சில்லில் 8,000 கோடி மடைகள். அதன் அளவு ஒரு பெரிய தபால்தலைதான்! 2024-ல் இரண்டு பெரிய சில்லுகளை ஒட்டி வைத்து 20,800 கோடி மடைகளுக்குக் கொண்டு போய் விட்டார்கள்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

மடைகளை நெருக்கி வைத்தால் மட்டும் வேகம் வந்து விடாது. வேலையைப் பிரித்துக் கொடுக்கிற முறையில்தான் வேகம் இருக்கிறது. அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

ஒருவர் பலகையால் உப்பை வாருகிறார், ஒருவர் கூடையில் அள்ளுகிறார், ஒருவர் சுமக்கிறார், ஒருவர் அம்பாரத்தில் கொட்டுகிறார். முதல் கூடை அம்பாரம் போய்ச் சேரும் வரை வாருகிறவர் கையைக் கட்டிக் கொண்டு நிற்பதில்லை. நாலு வேலையும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சில்லும் ஒரு கட்டளையை இப்படித்தான் பல படிகளாகப் பிரித்து, வரிசையாகக் கை மாற்றி முடிக்கிறது.

அடுத்தது, தூரம். பாத்திக்குப் பக்கத்திலேயே அம்பாரம் இருந்தால் நடை குறையும். அரை மைல் தள்ளி இருந்தால் அன்றாடப் பொழுது நடையிலேயே போய்விடும். சில்லிலும் கணக்குப் போடுவதைவிட விவரங்களை எடுத்து வருவதிலேதான் நேரம் அதிகம் வீணாகிறது. ஆகவே அடிக்கடி வேண்டிய விவரங்களைக் கணக்குப் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்க இன்றைய நிபுணர்கள் பாடுபடுகிறார்கள்.

மூன்றாவது, கைகளின் எண்ணிக்கை. ஒரே ஆளை ‘இன்னும் வேகம், இன்னும் வேகம்’ என்று மேஸ்திரி விரட்டினால் கடைசியில் அவர் சுருண்டு விழுவார். 2004-ஆம் ஆண்டு வாக்கில் சில்லுகளுக்கும் அந்தக் கதி வந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, தாங்க முடியாத சூடு பிறந்தது. பிறகுதான் ஒன்றை விரட்டுவதை விட்டு, ஒரே சில்லில் இரண்டு, நான்கு, நூறு என்று பல கணக்குப் பிரிவுகளை வைத்து வேலையைப் பங்கிட்டார்கள்.

நாலாவது, ஒரே பெரிய பாத்தியாகக் கட்டாமல் சிறு சிறு பாத்திகளாகக் கட்டுவது. பெரிய பாத்தியில் ஓரிடத்தில் உடைப்பு ஏற்பட்டால் முழு உப்பும் போகும். பெரிய சில்லில் ஒரு சிறு குறை விழுந்தாலும் அப்படித்தான். ஆகவே சின்னச் சின்னச் சில்லுகளாகச் செய்து, நல்லதைப் பொறுக்கி, ஒன்றாக இணைக்கிறார்கள்.

இதிலே மாயம் ஒன்றுமில்லை, தோழர்களே. கூட்டு உழைப்பின் விதிகள்தாம் மணல் தகட்டுக்குள் புகுந்து வேலை செய்கின்றன.

மறுத்தவர்களும் முயன்றவர்களும்

நம் நாடு இந்தத் துறையில் கைகட்டி நிற்கவில்லை. 1980-களில் வானிலைக் கணக்குக்கும் மற்ற ஆராய்ச்சிகளுக்கும் நாம் கேட்ட உயர் ரகக் கணிப்பொறியைக் கொடுக்க அமெரிக்க அரசாங்கம் மறுத்தது. 1988-ல் புனாவில் சி-டாக் என்ற அரசு ஸ்தாபனம் அமைந்தது. விஜய் பட்கர் தலைமையில் அங்குள்ள எஞ்சினீயர்கள் சாதாரணச் சில்லுகள் 64-ஐ ஒன்றாக இணைத்து 1991-ல் ‘பரம் 8000’ என்ற கணிப்பொறியைச் செய்து காட்டினார்கள். பெரிய சில்லு கிடைக்காதவர்கள் சின்னச் சில்லுகளை ஒன்று சேர்த்தார்கள்!

அதற்கும் முன்பே, 1976-ல், சண்டிகரை அடுத்த மொஹாலியில் சில்லு செய்வதற்கென்று பொதுத்துறை ஸ்தாபனம் ஒன்று தோன்றியது. 1980-களில் அங்கே உற்பத்தியும் நடந்தது. 1989-ல் பெரும் தீ விபத்தில் ஆலை எரிந்தது. மீண்டும் உற்பத்தி தொடங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் தைவானும் தென் கொரியாவும் வெகு தூரம் போய்விட்டன.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சென்னை. அங்குள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014-ல் ‘சக்தி’ என்ற சில்லுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2018-ல் அவர்கள் வரைந்த சில்லு முதலில் அமெரிக்க ஆலையிலும், பிறகு அதே மொஹாலி அரசு ஆலையிலும் உருவாகி வேலை செய்தது. அந்த வழியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளி வேலைக்கென ‘ஐரிஸ்’ என்ற சில்லைச் செய்து 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதுவும் மொஹாலியில்தான் உருவாயிற்று.

உலகத்திலேயே வேகமான சில்லு நம்முடையது என்று நாங்கள் ஜம்பம் அடிக்க வரவில்லை. மொஹாலி ஆலையின் முறை பழையது; அங்கே ஆகும் சில்லு கருவிகளை இயக்கப் போதும், பெரும் கணக்குக்குப் போதாது. மிக நுண்ணிய சில்லுகள் பெரும்பாலும் தைவானில் ஆகின்றன. அவற்றைப் பதிக்கும் வெளிச்ச யந்திரத்தை உலகத்துக்கே விற்பது ஹாலந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே கம்பெனி. 2022 அக்டோபரில் அமெரிக்கா உயர் ரகச் சில்லுகளும் அவற்றைச் செய்யும் யந்திரங்களும் சீனாவுக்குப் போகாதபடி தடை போட்டது. அன்று நமக்கு மறுத்தது போல இன்று இன்னொருவருக்கு மறுக்கிறார்கள். ஏகபோகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

உப்பும் வரைபடமும்

‘சக்தி’யை நாங்கள் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தச் சில்லுக்கும், அது புரிந்து கொள்ளும் கட்டளைகளின் பட்டியல் ஒன்று வேண்டும். பெரும்பாலான மேஜைக் கணிப்பொறிகளில் உள்ள பட்டியல் இன்டெல், ஏ.எம்.டி. என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. செல்போனில் உள்ள பட்டியல் இங்கிலாந்தின் ஆர்ம் கம்பெனியுடையது. அதை வைத்துச் சில்லு செய்கிறவர்கள் அதற்குக் கப்பம் கட்ட வேண்டும்.

2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் உள்ளவர்கள் ‘ரிஸ்க்-ஐந்து’ என்ற கட்டளைப் பட்டியலை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் கப்பமில்லாமல் எடுத்துக் கொள்ளும்படி பொதுவில் வைத்தார்கள். ‘சக்தி’ அந்தப் பட்டியலின் மேல் எழுந்தது. அதன் வரைபடத்தையும் சென்னைப் பேராசிரியர்கள் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்தார்கள்.

கடல் நீரைக் காய்ச்சி உப்பு எடுக்க எவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று 1930-ல் வேதாரண்யத்தில் கேட்டார்கள். அறிவும் கடல் நீரைப் போலத்தான். பல நாட்டு உழைப்பாளிகளும் விஞ்ஞானிகளும் சேர்த்து வைத்ததற்குச் சிலர் வரப்புக் கட்டிக் கொண்டு வரி வாங்குகிறார்கள்.

யார் பணம்? யார் ஆலை?

இப்போது ஆலைகள் விஷயத்துக்கு வருவோம். குஜராத்தில் சானந்த் என்ற ஊரில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி சில்லுகளைச் சோதித்துக் கட்டும் ஆலை அமைப்பதாக 2023-ல் அறிவித்தது. அதன் செலவில் நூற்றுக்கு ஐம்பது ரூபாய் மத்திய அரசாங்கம், இருபது ரூபாய் குஜராத் அரசாங்கம் தருவதாக ஏற்பாடு. மிச்சம் முப்பதுதான் கம்பெனிக்கு! 2024-ல் தோலேராவில் டாட்டா கம்பெனிக்கு அனுமதித்த ஆலைக்குச் செலவு 91,000 கோடி ரூபாய். அதிலும் பாதியை மத்திய அரசாங்கம் ஏற்கிறது.

நீங்கள் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டுகிற வரியும் இந்தப் பணத்தில் இருக்கிறது. எழுபது ரூபாய் போட்டவன் வெளியே நிற்க, முப்பது ரூபாய் போட்டவன் முதலாளி ஆகிறான். நாடு சில்லு செய்யட்டும் என்பதே நம் கட்சியும். பொதுப் பணம் போகிற இடத்தில் பொது உரிமை எங்கே என்பதுதான் நம் கேள்வி.

வெள்ளை அங்கி யாருக்காக?

சில்லு ஆலைக்குள் தொழிலாளர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணிந்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த அங்கி மனிதன் மேலுள்ள தூசு சில்லில் படாமல் காப்பதற்காக. திராவகமும் விஷவாயுவும் மனிதனைத் தாக்காமல் காப்பதற்காக அல்ல.

தென் கொரியாவில் ஹ்வாங் யூ-மி என்ற இளம்பெண் சாம்சங் சில்லு ஆலையில் வேலை பார்த்தார். 2007-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 22. அவருடைய தந்தை டாக்சி ஓட்டுகிறவர். பணத்துக்கு மசியாமல் அவரும் மற்றக் குடும்பங்களும் பதினோரு ஆண்டுகள் போராடினார்கள். 2018 நவம்பரில் கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, நஷ்டஈடு தர ஒப்புக் கொண்டது.

வெயிலில் உப்பின் ஒளி பட்டுக் கண் மங்கியவர்கள், உப்பு நீரில் நின்று பாதம் வெடித்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தத் தகப்பனாரின் வேதனை உங்களுக்குப் புரியும்.

நம் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ந் தேதி முதல் 37 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். குளிர்சாதனப் பெட்டியும் சலவை யந்திரமும் செய்கிற அவர்கள் முதன்மையாகக் கேட்டது சங்கம் வைக்கும் உரிமை. 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. எவ்வளவு புதிய யந்திரமானாலும், அதை இயக்குகிறவனுக்குப் பழைய ஆயுதமே துணை!

தாயாருக்குப் பதில்

‘வேலை கொடுக்குமா, பிடுங்குமா?’ என்ற கேள்விக்கு வருகிறோம்.

குஜராத்தின் பெரிய உப்பளங்களில் யந்திரங்கள் உப்பு வாருகின்றன. பஞ்சாலையில் நூல் அறுந்தால் உடனே காட்டிக் கொடுக்கும் கருவி வந்து, ஒருவர் பார்க்க வேண்டிய கதிர்கள் கூடிவிட்டன. நூறு நாள் வேலையில் செல்போனில் படம் பிடித்து வருகை பதிய வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் வேலை செய்தவர்களின் கூலி சிக்கிக் கொண்டது. சில்லு எட்டாத இடம் என்று இனி ஒன்றுமில்லை.

1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்சூரன்ஸ் ஊழியர்கள் கணிப்பொறி வருவதை எதிர்த்துப் போராடினார்கள். வேலை பறிபோகும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானது. அந்தப் போராட்டத்தை நாம் மறுதலிக்கவில்லை. ஆனால் யந்திரத்தை வாசலில் தடுத்தால் போதும் என்று நம்மில் பலர் இருந்து விட்டோம். அது யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதை மக்களிடம் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் குறை நம்முடையது.

அம்மா, சில்லு வேலை கொடுக்கவும் செய்யாது, பிடுங்கவும் செய்யாது. அதைக் கையில் வைத்திருப்பவன்தான் இரண்டையும் செய்கிறான். பத்துப் பேர் எட்டு மணி நேரம் செய்ததை யந்திரம் பாதி நேரத்தில் முடித்தால், பத்துப் பேருக்கும் வேலை நேரத்தையும் சுமையையும் குறைக்கலாம். ஐந்து பேரை வெளியே தள்ளவும் செய்யலாம். எது நடக்கும் என்பது நம் சங்கத்தின் பலத்தைப் பொறுத்தது.

ஆகவே நாம் கோருவது இதுதான். பொதுப் பணம் பெறும் சில்லு ஆலைகளில் பொதுப் பங்கு வேண்டும். மொஹாலி அரசு ஆலையை நவீனப்படுத்தி விரிவாக்க வேண்டும். மக்கள் பணத்தில் வரைந்த வரைபடம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். தொழிலாளர் புழங்கும் ரசாயனம் இன்னதென்று அவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சங்க உரிமையில் கை வைக்கக் கூடாது. அளத்திலோ ஆலையிலோ வயலிலோ யந்திரம் வருமுன் தொழிலாளர்களுடன் பேச வேண்டும்; ஒருவரையும் நீக்கக் கூடாது. நம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் விஞ்ஞானக் கூடமும் போதிய ஆசிரியர்களும் வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள். தெரியாதவர்கள் உங்கள் பிள்ளைகளை அழைத்து வந்து பெயரை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே கேட்கிறோம்!