பல்கலைக்கழகமும் நம் சேரியும்

உயர்கல்வி நிறுவனங்கள் ஊர்களுக்குத் தொண்டாற்ற வருவது புதிதன்று. 1969ஆம் ஆண்டில், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. 2014இல் வந்த உன்னத் பாரத் அபியான் திட்டம், கல்லூரிகள் சிற்றூர்களைத் தத்தெடுக்க வழிசெய்தது. பெங்களூரில் 1994இல் அமைந்த நாக் எனும் தர மதிப்பீட்டு அவையோ, இத்தகைய பணிகளையும் அவற்றுக்குக் கிடைத்த விருதுகளையும் மதிப்பெண்ணுக்கு உரியனவாகக் கொண்டது. நற்பணிக்கு மதிப்புத் தேடுவது குற்றமன்று. ஆனால், அப்பணிக்குச் சான்று கூற வேண்டியவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரி மாணவர்கள் எங்கள் பள்ளியில் ஏழு நாள் முகாமிட்டனர். மரக்கன்றுகள் நட்டனர், நிழற்படம் எடுத்தனர். இறுதி நாளில், ஊர் பயனடைந்ததாகத் தட்டச்சிட்டு வந்த தாளில் நான் கையொப்பமிட்டேன். சித்திரை வெயிலில் கன்றுகள் கருகின. நீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என ஒருவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. அக்கையொப்பம் இன்றும் என்னை உறுத்துகிறது.

முகாமுக்கு வந்தவர்களுள் ஒரு மாணவர் மட்டும், அவ்வாண்டு முழுதும் ஞாயிறுதோறும் வந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்போரின் பிள்ளைகள் அவர்கள். அவர் பணி எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. எங்கள் தாய்மார்களோ, "அந்தத் தம்பி நலமா?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தை எண்ணிப் பாருங்கள். டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் அங்கு ஊர்ப்பணியைத் தொடங்கினர். 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் எழுந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எனும் தகுதி 1976இல்தான் வந்தது. தொண்டு முன்னே சென்றது. சிறப்பு பின்னே வந்தது.

இளைஞர்களே! நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களுக்கு வருவோரை அன்புடன் வரவேற்போம். ஆனால் கைகட்டி நிற்க வேண்டா. எங்கள் தேவை யாது என அறிந்து வந்தீர்களா? முகாம் முடிந்தபின் யார் வருவார்? ஓராண்டு கழித்து விளைவைக் காண வருவீர்களா? இவற்றை முதல் நாளே கேளுங்கள். விடைகளைக் கழகப் பதிவேட்டில் எழுதுங்கள். ஓராண்டு சென்றபின், அதனைப் பார்த்தே சான்று வழங்குங்கள்.

இன்று நம் பிள்ளைகளும் கல்லூரிகளில் பயில்கின்றனர். நாளை நீங்களும் வேற்றூருக்கு முகாம் செல்வீர்கள். அங்கே அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவராக இருங்கள் என வேண்டி அமைகிறேன்.