பங்குச் சந்தையும் பச்சைக் கொழுந்தும்

(நல்லதண்ணியில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பங்குச் சந்தையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னவுடன், முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். கொழும்பிலே கண்ணாடி மாளிகையில் நடக்கும் வாணிகத்துக்கும், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்பவருக்கும் என்ன உறவு என்பதுதானே அந்தப் பார்வையின் பொருள்? உறவு உண்டு. நாம் அறியாமலே நம் மடியில் கைவைக்கும் உறவு அது.

சந்தை என்பது யாது? இந்த நல்லதண்ணிக் கடைவீதியைப் பாருங்கள். சிவனொளிபாத மலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நடக்கும். பருவம் பிறக்குமுன்பே கடைக்காரர் சரக்கு வாங்கிக் குவிக்கிறார். வந்த யாத்திரிகரை நம்பியா? இல்லை, வரப்போகிற யாத்திரிகரை நம்பி! நாட்டிலே குழப்பம் என்று ஒரு செய்தி கிடைத்தால் போதும். ஒரு யாத்திரிகர் குறையுமுன்பே கடைக்காரர் நெஞ்சு குறைந்துவிடுகிறது. பங்குச் சந்தையும் அவ்வளவே. நாளைய இலாபத்துக்கு இன்றைக்கே கட்டும் விலைதான் பங்கின் விலை. அந்த நாளைய இலாபமோ அரசாங்கம் போடும் வரியிலும், வட்டியிலும், வர்த்தமானியிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் கொழும்பிலே ஒரு மந்திரி தும்மினால் சந்தைக்குச் சளி பிடிக்கிறது.

இந்தச் சந்தை பிறந்ததே உங்கள் முப்பாட்டன்மார் வெட்டித் திருத்திய மலைகளை நம்பித்தான். 1896-ஆம் ஆண்டு கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் அமைந்தபோது, தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளே அங்கே கைமாறின. பின்னர் 1972-இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975-இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. பங்கு வைத்திருந்தவர்கள் பதைபதைத்தார்கள். சந்தை சோர்ந்து படுத்தது. ஆனால் பங்கே இல்லாத நம் மக்கள் அந்த ஆண்டுகளில் பட்டதென்ன? 1973-லும் 1974-லும் லயங்களிலே பட்டினிச் சாவு விழுந்தது. அதைக் காட்டும் சுட்டெண் எந்தச் சந்தையிலும் இல்லை.

1992-இல் தோட்டங்கள் 22 கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. சில ஆண்டுகளின் பின் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்கு 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. ஆம், தாய்மார்களே! நீங்களும் பங்குதாரர்களாக இருந்தீர்கள்! அந்தக் கடதாசி இப்பொழுது எங்கே? வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால், யார் கையில் எந்த விலைக்குப் போயிற்று என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

அரசியல் நிகழ்ச்சிகளுக்குச் சந்தை எப்படி ஆடுகிறது? 2003 நவம்பரில் பிரதமர் வெளிநாட்டில் இருந்த வேளையில், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மூன்று அமைச்சுக்களைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பங்குகள் சரிந்தன. 2009 மே மாதம் போர் முடிந்தது. எத்தனை ஆயிரம் தமிழர் மாண்டனர் என்ற கணக்கு இன்றுவரை முடியவில்லை. சந்தையோ அந்த ஆண்டிலேயே இருமடங்குக்கு மேல் ஏறியது. சந்தைக்குக் கண்ணீர் தெரியாது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, தராசு அழுவதில்லை.

ஆனால் அந்தத் தராசு நல்லாட்சியை நிறுக்கிறது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அந்த மே மாதத்தில் இரசாயன உரத்துக்குத் தடை வர்த்தமானியில் வந்தது. விவசாயியைக் கேட்டார்களா? கொழுந்தெடுப்பவரைக் கேட்டார்களா? ஒரு சிலர் கூடிப் பேசி நாட்டின் தலையில் எழுதிய எழுத்து அது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். வயல்கள் அதற்குள் கெட்டுவிட்டன. அந்த ஆண்டு பங்கு விலைகள் விழுந்தனவா? விழவில்லை! ஏறின! சுட்டெண் 12,000-ஐத் தாண்டியது. வட்டி மிகக் குறைந்திருந்தது. மத்திய வங்கி நோட்டடித்தது. வைப்பிலிட்டுப் பயனில்லை என்று கண்ட பணம் பங்குகளுக்குள் பாய்ந்தது. சந்தை சிரித்துக்கொண்டிருந்தபோதே நாடு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

2022 ஏப்ரல் 12-ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. பங்குச் சந்தையை ஐந்து நாட்கள் பூட்டினார்கள். ஏப்ரல் 25-இல் திறந்தார்கள். அன்றைக்கே சுட்டெண் நூற்றுக்கு 12 வீதத்துக்கு மேல் விழுந்து, வாணிகம் நிறுத்தப்பட்டது. ஓராண்டு முழுவதும் கேட்க மறுத்த காதுகளுக்கு ஒரே நாளில் எல்லாம் கேட்டுவிட்டது.

இனி நான் சொல்லப்போவதைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். இதற்காகவே இவ்வளவு தூரம் மலையேறி வந்தேன்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் கூலியில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். தோட்டம் 12 கட்டுகிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் இந்நிதியைக் கையாளுவது மத்திய வங்கி. நிதியின் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே கடனாகப் போகிறது. ஒரு சிறு பகுதி பங்குச் சந்தைக்கும் போகிறது. போர் முடிந்த பின் சந்தை கொழித்த காலத்தில், இந்நிதியைக்கொண்டு சில பங்குகளை உயர்ந்த விலைக்கு வாங்கினார்கள் என்பது பாராளுமன்றத்திலேயே கேள்விக்கு உள்ளானது.

2023 ஜூன் மாதக் கடைசியில் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர் யார் யார்? வங்கிகளும் கொடுத்தன, உங்கள் நிதியும் கொடுத்தது. சுமையை யார் தலையில் வைப்பது? வங்கிகளை விட்டுவிட்டார்கள். ஓய்வுகால நிதிகளைப் பார்த்து, பழைய முறிகளைத் தந்துவிட்டுப் புதியவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். புதிய முறிகளுக்கு 2025 வரை நூற்றுக்கு 12 வட்டி, அதன்பின் 9. மாற்ற மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும்! இதற்குத் தெரிவு என்று பெயர் சூட்டினார்கள். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, விருப்பமிருந்தால் தலையாட்டு என்பது போன்ற தெரிவு.

ஜூலை 1-ஆம் நாள் சனிக்கிழமை. பாராளுமன்றம் கூடி ஒப்புதல் தந்தது. விடுமுறை கழிந்து 4-ஆம் நாள் சந்தை திறந்தது. வங்கிப் பங்குகள் துள்ளிக் குதித்தன. ஏன் குதித்தன? சுமை எவர் தலைக்கு என்பது தெரிந்துவிட்டது. தன் தலைக்கு இல்லை என்பதும் தெரிந்துவிட்டது! அன்று மாலைச் செய்தியில் நம்பிக்கை திரும்பியது என்று யாரேனும் சொல்லியிருந்தால், அந்த நம்பிக்கைக்கு ஈடு வைக்கப்பட்டது உங்கள் முதுமைக்காலக் கஞ்சி.

மற்றொன்று. 2024 செப்டம்பர்த் தேர்தலுக்கு முன்னே, செங்கொடிக் கட்சியிலிருந்து வந்தவர் வென்றால் சந்தை சாயும் என்று அச்சமூட்டினார்கள். அநுர குமார திசாநாயக்க வென்றார். சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டை அவர் கிழித்தெறியவில்லை. ஆண்டு முடிவதற்குள் சுட்டெண் 15,000-ஐத் தாண்டிற்று. சந்தை கொடியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்பது தெரியாதிருப்பதற்கே அஞ்சுகிறது.

நமக்கோ அந்தத் தெரியாமை நாள்தோறும். அதே 2024-இல் மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபாய் என்றார்கள். கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில் அது 1,350 ஆயிற்று. பங்கு வாங்குகிறவனுக்கு நிச்சயம் வேண்டுமென்று கவலைப்படுகிற அரசாங்கங்கள், அரைப்பேர் விழுமோ முழுப்பேர் விழுமோ என்று அஞ்சுகிறவளுக்கு என்ன நிச்சயம் தந்தன?

ஆதலால் உங்களுக்கு இரண்டு வேலை தருகிறேன். சேமலாப நிதிக் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டு வட்டியையும் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை இந்தக் கடைவீதிக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சியாயினும் சரி, 2023 ஜூலை 1-ஆம் நாள் உங்கள் கட்சி எந்தப் பக்கம் கை தூக்கியது என்று கேளுங்கள்.