கைவிடாதீர்கள்!

வணிகப் பெருமக்களே!

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், நம் செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அழுதோம், மறந்தோம்.

1935-இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களேயான பங்குத் தரகர் ஒருவர், ஆசை மீண்டும் தலைதூக்கியபோது இன்னொரு குடிநோயாளியான மருத்துவரைத் தேடிப்போய்ப் பேசினார். இருவரும் மீண்டார்கள். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது அப்படித்தான்.

மாமல்லபுரத்தில் கடல் தொழில் செய்பவரோ, உங்கள் கடைப் பையனோ குடியை விட நினைத்தால் ஏசாதீர்கள். கூலி கைக்கு வரும் மாலையில் உடனிருங்கள். விட்டு மீண்டவர்களோடு சேர்த்து வையுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஹராம் என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா? இன்று மாலையே ஒருவரின் கையைப் பிடியுங்கள்!