யானை முன்னே, மணியோசை பின்னே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வண்டலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

நாடுகளை நெருங்க வைப்பது அரசாங்கமா, மக்களா? இதுதான் கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறது யாரு? அரசாங்கம்தானே?" என்று கேட்டுவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தார். ஐயா, பதிவுத் திருமணத்திலே கையெழுத்துப் போடுகிறவர் சார்பதிவாளர். அதுக்காக, குடும்பம் நடத்துறதும் அவரா? (சிரிப்பு, கைதட்டல்)

1985 முதல் இந்த ஊர்ப் பூங்காவுக்கு யானை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். டோக்கியோ உவேனோ பூங்காவிலே போர் முடிந்தபோது ஒரு யானைகூட இல்லை. குண்டு விழுந்து மிருகங்கள் தப்பினால் ஆபத்து என்று பயந்து, 1943-ல் யானைகளைப் பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள். "எங்களுக்கு யானை வேணும்" என்று அந்த ஊர்க் குழந்தைகள் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949-ல் மைசூர்ப் பக்கத்து யானை ஒன்று கப்பலேறிப் போனது. தம் மகள் பெயரையே அதற்கு வைத்தார் நேரு: இந்திரா!

"அனுப்பியது அரசாங்கம்தானே?" என்பீர்கள். சரி, கேட்டது யார்? குழந்தைகள்! இந்தியாவும் ஜப்பானும் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1952-ல். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே யானை முன்னே போச்சு, மணியோசை மூணு வருஷம் கழிச்சு வந்தது! (கைதட்டல்)

வள்ளுவர் தூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். அது அரசன் அரசனுக்கு அனுப்பும் தூது. ஓர் அரசு அடுத்த நாட்டு மக்களிடமே நேராகப் பேசுவதற்கு, 1965-ல் அமெரிக்காவிலே எட்மண்ட் கல்லியன் 'பப்ளிக் டிப்ளமசி' என்று பெயர் சூட்டினார். பனிப்போர்க் காலத்துச் சென்னையிலே ஒரு பக்கம் அமெரிக்க நூலகம். மறு பக்கம் மலிவு விலையில் சோவியத் தமிழ்ப் புத்தகம். இருவரும் சொன்னது ஒன்றுதான்: "நாங்க பேசுறோம், நீங்க கேளுங்க." 1991-ல் சோவியத் நாடே கலைந்தது. அந்தக் கதைப் புத்தகம் இன்னும் நம் வீட்டு அலமாரியிலே இருக்கு!

2006-ல் நம் வெளியுறவு அமைச்சகமும் இதற்கொரு பிரிவு தொடங்கியது. ஆனால் 1998-ல் ஜப்பானிலே 'முத்து' வாரக்கணக்கில் ஓடியதே, அதை ஓட வைத்தது அமைச்சகமா, டிக்கெட் வாங்கிய ஜனங்களா? இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எதிர்க்கேள்வி கேட்கிறார். ஒருவழிப் பேச்சு இனி எடுபடாது.

கன்னடம் கேட்டு வளர்ந்த அந்த யானைக்காக, ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் கன்னடக் கட்டளைகளைக் கற்றுக்கொண்டார்கள். தன் பெருமையைப் பேசுவதல்ல, அடுத்தவர் மொழிக்குக் காது கொடுப்பதே உறவு. அரசாங்கம் கப்பல் கொடுக்கும்; மனசு கொடுப்பவர் மக்களே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.