நூற்றுக்கு நூறும் தோல்விதான்



நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்று ஒரு சிறிய உறுப்பு இருக்கிறது. அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அந்த எலிகளால் நோய்த்தொற்றை எதிர்க்க முடியவில்லை. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட உடம்பு அதை மறுக்கவில்லை. அவர் இதை வெளியிட்டது 1961-ல்.

அப்படி அங்கே என்னதான் நடக்கிறது? எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் செல்கள் தைமஸுக்கு வந்து சேர்கின்றன. ‘நாட்ச்’ என்ற புரதம் சைகை கொடுத்தால்தான் அவை, நோயை எதிர்க்கும் டி செல்லாகும் வழியில் போகும்.

அடுத்தது பரீட்சை. ஒவ்வொரு செல்லும் நம் உடம்பின் சொந்தப் புரதத் துணுக்குகளைத் தொட்டுப் பார்க்கிறது. அந்தச் செய்தியை எல்சிகே, ஜாப்-70 என்கிற புரதங்கள் செல்லுக்குள்ளே கடத்துகின்றன. செய்தியே போகவில்லையா, செல் மடிந்துவிடும். மிக வலுவாகப் போனதா, பெரும்பாலும் அதுவும் மடியும். வெளியே விட்டால் நம்மையே தாக்குமே! மிதமாகப் போனால்தான் பிழைக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்கள் தேறாமல் மடிகின்றன. நூற்றுக்கு நூறு வாங்கினாலும் பெயிலாக்குகிற பரீட்சை இது ஒன்றுதான்!

ஜாப்-70 பிறவியிலேயே பழுதாக இருந்தால், அந்தக் குழந்தைக்குத் தொற்று மாற்றித் தொற்று வந்துகொண்டே இருக்கும். ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி இன்று அதற்குச் சிகிச்சை தருகிறார்கள்.