சுவர் இடித்த சுவாமியார்
(வெள்ளிவிழாவையொட்டி ஐந்தருவியில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அருவியின் ஓசை காதில் விழும் இடத்தில் கூடியிருக்கின்றோம். சாரல் தொடங்கிவிட்டால் எவ்வெவ்வூர்க்காரர்களோ இங்கு வந்து தோளோடு தோள் உரச நின்று நீராடுகின்றனர். பக்கத்தில் நிற்பவர் எத்தெருவினர் என்று எவரும் வினவுவதில்லை. இது என்றும் இவ்வாறே இருந்ததன்று. 1934ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் குற்றாலம் வந்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் அருவிக்குச் சென்று நீராட இயலாத நிலை இருந்ததை அறிந்தார். தாமும் நீராடாமல் திரும்பினார். இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். தண்ணீருக்குச் சாதி இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். தண்ணீருக்கு இல்லைதான், தண்ணீருக்குச் செல்லும் வழிக்கு இருந்தது.

மக்களின் நெஞ்சில் இடம்பெற்ற ஒரு பங்குத்தந்தையைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். வடக்கன்குளத்துக் கௌசானல் அடிகளாரை யாம் தேர்ந்துகொண்டோம். தென்காசிக்காரர்க்கு வடக்கன்குளத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை அவ்வூரும் நம்மூரும் ஒரே நெல்லை மாவட்டத்தின் வடக்கும் தெற்கும் ஆகும். அன்றியும், இச்செய்தி மாவட்ட எல்லைக்குள் அடங்கும் செய்தி அன்று.

அதிரியான் கௌசானல் பிரெஞ்சு நாட்டவர். இயேசு சபைக் குரு. மதுரை மறைத்தளத்தில் உழைக்க வந்தவர். அவர் பங்குத்தந்தையாய் அமர்ந்த வடக்கன்குளம் இராதாபுரம் வட்டத்துப் பழைய கிறித்தவ ஊர். நீலகண்டன் என்னும் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரிலேதான். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டதையும் இங்கே சொல்லிவைக்கின்றோம்.

அவ்வூர்க் கோயிலைக் காணாதவர்க்கு அதன் அமைப்பை விளக்குதல் கடினம். 1872இல் எழுப்பிய அக்கோயிலுக்கு உடல்கள் இரண்டு, தலை ஒன்று. கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு நீண்ட மண்டபங்கள் ஒரே பீடத்தை நோக்கிச் சரிந்து வந்து சேர்கின்றன. ஒரு மண்டபம் பிள்ளை, முதலியார் வகுப்பினர்க்கு. மற்றொன்று நாடார் முதலிய பிறர்க்கு. நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் காணலாம், ஒருவரையொருவர் காணவியலாது. ஒரே அப்பத்தை உண்பவர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கலாகாது என்பதற்காகக் கல்லும் சுண்ணாம்பும் செலவிட்டு, கட்டடக் கலையறிவையும் செலவிட்டிருக்கின்றனர்! கட்டியவர்கள் தீயவர்கள் என்று யாம் சொல்லவில்லை. இரு சாராரின் ஓயாச் சண்டைக்கு அஞ்சி, சுவர் வைத்தால் அமைதி வரும் என்று நம்பினர். வந்ததோ அமைதி அன்று. சுவர் உரிமையாக மாறியது. நம் ஊர்களிலும் ‘பழைய வழக்கம்’ என்று சொல்லப்படுபவற்றுள் பல இவ்விதம் பிறந்தவையே.

1910ஆம் ஆண்டில் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். ஆயர் பார்த்தே ஆண்டகை அவருக்குத் துணை நின்றார். உயர்சாதியார் எனத் தம்மை எண்ணிக்கொண்டோர் நீதிமன்றம் ஏறினர். சுவரை மீண்டும் எழுப்பித் தருதல் வேண்டும், தம் பகுதியில் பிறர் நுழைதல் கூடாது என்று வழக்குரைத்தனர். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ‘மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே’ என்ற பெயரில் 1917ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. பிறர் அருகில் நின்றால் தீட்டு என்னும் கொள்கையைக் கிறித்தவக் கோயிலுக்குள் ஓர் உரிமையாகக் கொண்டாட இடமில்லை. கோயிலின் ஒழுங்குமுறை திருச்சபை அதிகாரிகளின் பொறுப்பு என்பதே தீர்ப்பின் சாரம். சுவர் மீளவில்லை. இவ்வரலாற்றை ஆராய்ச்சியாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்னும் நூலில் விரித்து எழுதியுள்ளார். நம் கழக நூலகத்தில் அந்நூல் இருத்தல் நலம்.

அன்புக்குரிய பங்குத்தந்தை என்கிறோம். எல்லார்க்கும் இனியவராய் இருந்து, மந்திரித்து, வீடு ஆசீர்வதித்து, திருவிழாவில் அசனம் உண்டு செல்பவரை நேசிப்பது எளிது. அத்தகையோர் பலர் இருந்தனர்; அவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் தம் மந்தையில் ஒரு பகுதியினரே வழக்காளிகளாகி எதிரே நிற்பர் என்று தெரிந்தும் கடப்பாரை எடுக்கச் சொன்னவரை நேசிப்பது வேறு வகை. அவரது நினைவு நூறாண்டு கடந்தும் நிற்பது இந்த இரண்டாம் வகை அன்பினாலே என்று கருதுகின்றோம்.

இனி, உங்களுள் சிலர் மனத்தில் எழுந்திருக்கும் வினாவுக்கு வருகின்றோம். அச்சுவர் பிள்ளைமார்க்கும் நாடார்க்கும் இடையே நின்ற சுவர். பள்ளர், பறையர், சக்கிலியராகிய நமக்கு அதில் என்ன பங்கு? நேர்மையான வினா. நம் முன்னோர் நின்ற இடம் அச்சுவரின் எப்பக்கத்திலும் முன்வரிசை அன்று. புதுச்சேரி வந்த, பின்னர்க் கர்தினாலான தெ தூர்னோன் 1704ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணைகளுள் ஒன்றைக் கேளுங்கள்: சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருமார் நேரில் சென்று அவஸ்தைப்பூசுதல் முதலிய தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்தல் வேண்டும் என்பது. ஆணையிட வேண்டியிருந்தது என்றால் அதுவரை நடந்தது யாதென ஊகித்துக்கொள்ளலாம். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதனை மீண்டும் வலியுறுத்த வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகள்! ஒரு குடிசை வாசலைக் குனிந்து கடப்பதற்கு.

ஆதலால் வடக்கன்குளத்துச் சுவர் இடிந்தபோது நம் குடிசைச் சுவர் இடிந்துவிடவில்லை. தனிக் கல்லறை, தனித் தூம்பா, நம் தெருவுக்கு வாராத சப்பரம் என்பவை எத்தனையோ பங்குகளில் தொடர்ந்தன. விழுப்புரம் பகுதி எறையூரில் 2008 மார்ச்சு மாதம் இதன்பொருட்டே கலகம் மூண்டு, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். எனினும் கௌசானல் அடிகளாரின் செயலில் நாம் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு நூல் இருக்கிறது. கோயிலுக்குள் சாதிக்கு உரிமை இல்லை என்பது அவ்வழக்கின் வழியே சட்டச் சொல்லாயிற்று. அச்சொல்லை நம் வாசலுக்குக் கொண்டுவரும் வேலை எஞ்சியிருந்தது, எஞ்சியிருக்கிறது.

அவர் செய்த இன்னொன்று கல்விக் கழகத்தாராகிய நமக்கு நெருக்கமானது. 1903இல் பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர்கள் சபையை நிறுவினார். குருப்பட்டம் பெறாது, கற்பித்தலையும் ஏழைச் சிறுவரைப் பேணுதலையும் வாழ்க்கையாகக் கொள்ளும் துறவியர் அவர்கள். சுவரை இடிக்க ஒரு நாள் போதும், இடித்த இடத்தில் ஒரே விசுப்பலகையில் பிள்ளைகளை அமர்த்துவதற்கு ஆசிரியர் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். 1930இல் அவர் மறைந்தார். இராமநாதபுரம் மாவட்டத்து முத்துப்பேட்டையில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது.

நம் கழகத்துக்கு விண்ணப்பம் கொண்டுவரும் மாணவர்களின் சான்றிதழ்களில் இன்றும் ஒரு சுவர் தெரிகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதியினர் ஆகார். ஒரே தெரு, ஒரே ஓலைக்கூரை, அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒருவன் பட்டியலில், மற்றவன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில். சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பார் இதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1985இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை பாவம் எனக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022இல் பேராயர் அந்தோணி பூலா தலித் மக்களிலிருந்து முதல் கர்தினால் ஆனார். 2023 ஏப்பிரல் 19ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் தகுதி வழங்க நடுவண் அரசை வேண்டித் தீர்மானம் இயற்றியது. முடிவு தில்லியில்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகின்றோம். இங்குள்ள முதியோர்கள், தங்கள் ஊர்க் கோயிலில் நம்மவர் எங்கே அமர்ந்தனர், கல்லறை எப்பக்கம் இருந்தது, எந்தச் சுவாமியார் நம் தெருவுக்கு நடந்து வந்தார், எவர் வரவில்லை என்பவற்றைக் கழக அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் தயங்க வேண்டா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துடன் காத்திருக்கின்றனர். அடுத்துப் பரிசளிப்பு நடைபெற இருப்பதால் இவ்வளவில் அமர்கின்றோம்.