ஏட்டு ஆங்கிலமும் பேச்சு ஆங்கிலமும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நமக்கு ஒரு பழைய பெருமை உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும், 'மதராஸிக்கு ஆங்கிலம் நன்றாக வரும்' என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறிய நம் பாட்டன்மார் ஈட்டித் தந்த பெயர் அது. ஆனால் அவர்கள் கற்றது பெரும்பாலும் எழுதும் ஆங்கிலம். கோப்பில் குறிப்பு எழுதவும், கடிதத்துக்கு மறுமொழி வரையவும் உதவிய ஆங்கிலம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள், லண்டனிலும் மான்செஸ்டரிலும் இருப்பவர்களோடு நாள்தோறும் வாய்விட்டுப் பேச வேண்டிய உத்தியோகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே அந்தப் பழைய பெருமை சில வேளைகளில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பெங்களூரில் பொறியாளராக இருக்கிறார். அவர் தயாரித்த அறிக்கை ஒன்றைப் படித்த ஆங்கிலேய மேலதிகாரி, தொலைபேசியில், 'யூ மைட் வான்ட் டு லுக் அட் த ஃபிகர்ஸ் அகெய்ன்' என்றாராம். 'விருப்பமிருந்தால் கணக்கை இன்னொரு முறை பார்க்கலாம்' என்று நம் பிள்ளை பொருள் கொண்டார். அவருக்கு விருப்பமில்லை; வேறு வேலை இருந்தது; பார்க்கவில்லை. கணக்கில் பிழை இருந்தது. அறிக்கை அப்படியே வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு அவருக்கு ஊதிய உயர்வு இல்லை. 'ஒரு சொல்லுக்குக்கூட அகராதியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லையே, நான் எங்கே தவறினேன்?' என்று நம்மிடம் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரிந்திருந்தது. 'பிழை இருக்கிறது, திருத்துக' என்பதை ஆங்கிலேயர் பலரும் இவ்விதம் சுற்றிவளைத்தே சொல்வர் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. இந்த வழக்கம் நமக்குப் புதியதா என்றால், இல்லை. 'காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது' என்று மாமியார் சொன்னால், அது காப்பியின் வெப்பநிலையைப் பற்றிய செய்தி என்று எந்த மருமகனும் எண்ணுவதில்லை. 'பரவாயில்லையே, நன்றாகப் பாடுகிறாயே' என்று கண்டிப்பான ஒரு பெரியவர் சொன்னால் அது பெரும் பாராட்டு. ஆங்கிலேயர் 'நாட் பேட்' என்பதும் ஏறக்குறைய அதுதான். நாமோ அதைக் கேட்டு முகம் வாடுகிறோம்; 'க்வைட் குட்' என்றால் பூரிக்கிறோம். இங்கிலாந்தில் பின்னது பல சமயம் 'ஏதோ தேவலை' என்ற அளவில் நின்றுவிடும். அமெரிக்கர் வாயில் அதற்கே மதிப்பு சற்றுக் கூடுதல்.

விடைபெறும்போது நாம் 'போய் வருகிறேன்' என்கிறோம். அதைக் கேட்டு யாரும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதில்லை. ஆனால் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று அதை அப்படியே பெயர்த்துச் சொன்னால், கேட்ட ஆங்கிலேயர் நமக்காகத் தேநீரை மூடி வைத்தாலும் வைப்பார். அவ்வாறே, 'ஹவ் ஆர் யூ' என்று அவர் கேட்டதற்கு முழங்கால் வலியையும் சர்க்கரை வியாதியையும் விரித்துரைப்பவர் நம்மில் உண்டு. 'ஃபைன், தேங்க்ஸ்' என்பதே அவர் எதிர்பார்க்கும் மறுமொழி. தில்லிக்குப் புதிதாக வந்த ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை நலம் விசாரித்தபோது, 'பஸ், சல் ரஹா ஹை' என்று பதில் வந்ததாம். பேருந்து ஓடுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டாராம். ஆறு மாதம் கழித்து அவரே எல்லோருக்கும் அந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கிவிட்டார். யாரும் அவருக்கு இலக்கணம் கற்பிக்கவில்லை. காய்கறிக் கடையும் மாடிப்படியும் கற்பித்தன.

நம் ஆங்கிலத்தின் பெருங்குறை பிறிதோரிடத்தில் இருக்கிறது. 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்' போன்ற கனமான சொற்களை நாம் நன்கு அறிவோம். ஆங்கிலேயர் தம் வீட்டில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டால் 'புட் ஆஃப்' என்பர். தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் 'புட் அப் வித்' என்பர். நெருப்பை அணைத்தால் 'புட் அவுட்' என்பர். மூன்றிலும் 'புட்' என்ற ஒரே சிறு வினைதான் நிற்கிறது. முன்னே சொன்ன பெருஞ்சொற்கள் இலத்தீன் மொழி வழி வந்தவை. 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் இலத்தீனும் கோலோச்சின. அடுப்படியிலும் வயலிலும் பழைய சிறு சொற்கள் நிலைத்தன. நாம் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததோ பள்ளிக்கூடத்து வாயிலாக. ஆதலின் கூடத்தைப் பார்த்தோம், அடுப்படியைப் பார்க்கவில்லை.

இந்தச் சிறு வினைகளின் ஆற்றலை நம்பி 1930-இல் சி. கே. ஆக்டன் என்னும் அறிஞர் ஒரு திட்டம் வகுத்தார். 850 சொற்களைக் கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்பது அதன் பெயர். வினைகள் 18 மட்டுமே. எஞ்சியவற்றையெல்லாம் அவ்வினைகளோடு சிறு இடைச்சொற்களைச் சேர்த்துச் சமாளித்துவிடலாம் என்பது அவர் கருத்து. கணக்கு அழகியது. ஆனால் அயல்நாட்டு மாணவனைத் திணறவைப்பது அந்தச் சேர்க்கைதான். 'புட்' தெரிந்து, 'அப்' தெரிந்து, 'வித்' தெரிந்தும், மூன்றும் சேர்ந்தால் 'பொறுத்துக்கொள்' என்று வரும் என எவரால் ஊகிக்க முடியும்?

இதற்கு அஞ்சுவதற்குத் தமிழர்க்கு மற்றவரைவிடக் காரணம் குறைவு என்றே நாம் கருதுகிறோம். சொல்லிக்கொடு, சொல்லிக்கொள், சொல்லிவிடு, சொல்லிப்பார் என்று ஒரே வினையைத் துணைவினைகளால் திருப்பித் திருப்பி ஆள்பவர் நாம். 'போடு' என்பதையும் 'கொடு' என்பதையும் தனித்தனியே கற்ற மராத்தி நண்பர் ஒருவர், 'அவன் என்னை அதிகாரியிடம் போட்டுக்கொடுத்துவிட்டான்' என்பதைக் கேட்டு விழிப்பதைப் பார்த்தால், நம் திகைப்பும் நமக்கு விளங்கும். இரண்டும் முற்றும் ஒத்தவையல்ல. ஆயினும் கற்கும் வழி ஒன்றே: பிரித்துப் பொருள் தேடாமல், முழு வாக்கியமாக, அது பேசப்பட்ட சந்தர்ப்பத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளுதல். ஒரு சிறு குறிப்பேட்டில், யார், யாரிடம், எப்போது சொன்னது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் போதும். 1943 முதல் பி.பி.சி. வானொலி ஆங்கில பாடங்களை ஒலிபரப்பியதும் காதின் வழியே மொழி உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மரபுத்தொடர்ப் பட்டியல்களை உருப்போடுவதில் நமக்கு நம்பிக்கை இல்லை. பெருமழையைக் குறிக்கப் பூனையும் நாயும் பொழிகின்றன என்ற தொடரைப் பள்ளியில் கற்காதார் இல்லை. 1738-இல் வெளிவந்த ஜானதன் ஸ்விஃப்டின் சம்பாஷணை நூலிலேயே அது கேலிப்பொருளாக இடம்பெற்றுவிட்டது. இன்று மழையில் நனைந்து வரும் ஆங்கிலேயர் 'இட்ஸ் போரிங்' என்பதோடு முடித்துக்கொள்வது வழக்கம். 'கிக் த பக்கெட்' என்ற தொடரை இரங்கற் கடிதத்தில் எழுதினால் என்ன நேரும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. அதே சமயம், 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'குட் நேம்' என்று நமக்குள் நாம் பேசிக்கொள்வதற்கு வெட்கப்படவும் வேண்டாம். அவை இந்நாட்டில் விளைந்த ஆங்கிலம், இந்நாட்டில் செல்லும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதற்குச் சர்ச்சில் ஒரு சான்று எழுதிவைத்திருக்கிறார். 1941 டிசம்பரில் அவர் வாஷிங்டன் சென்றிருந்தபோது, பிரிட்டிஷ் படைத்தலைவர்கள் ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். உடனே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கில் அதன் பொருள். அமெரிக்கருக்கோ அச்சொல் ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும். இரு தரப்பாரும் விரும்பியது ஒன்றே என்று தெரியுமுன் நெடுநேரம் காரசாரமாக வாதிட்டார்களாம்.

பெங்களூர்ப் பிள்ளைக்கு இந்தக் கதையை நாம் சொன்னோம். இப்போதெல்லாம் மேலதிகாரி மெல்ல எதையாவது சொன்னால், 'ஷல் ஐ சேஞ்ச் இட்?' என்று அவர் அப்போதே கேட்டுவிடுகிறார். சென்ற முறை, 'ஓ, ஒன்லி இஃப் யூ ஹாவ் அ மொமென்ட்' என்று பதில் வந்ததாம். அன்று மாலைக்குள் மாற்றி அனுப்பிவிட்டார்.